விடாத கிளட்ச்

எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் இருபது ஆண்டுகளாகச் சும்மா கிடந்த மோரிஸ் மைனர் கார், சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை மாலை மீண்டும் உயிர் பெற்றது. எஞ்சின் சத்தம் கேட்டதும் தாத்தா நாற்காலியை விட்டு எழுந்து நின்று கைதட்டினார். அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். அப்பா கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். ‘கர்ர்ர்’ என்று பற்கள் அரைபடும் சத்தம். மறுபடியும் போட்டார். மறுபடியும் அதே சத்தம். எஞ்சினை அணைத்துவிட்டு, “கிளட்ச் விடமாட்டேங்குது தம்பி” என்றார்.

அந்தக் கிளட்சைச் சரிசெய்ய எங்களுக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. மூன்று வாரமும் குறை எங்கே என்று தேடியவர் அப்பா. குறை எங்கே என்று பாதி வழியிலேயே தெரிந்துகொண்டும் வாய் திறக்காமல் இருந்தவன் நான். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959இல் வெளிவந்த மினி காரை உருவாக்கியவரும் அவரே. பத்து லட்சத்திற்கும் மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெருமை மைனருக்கு உண்டு. நம் நாட்டுத் தோட்டங்களில் அது கிராணிமார்களின் கார். தாத்தா லோரி ஓட்டிய தோட்டத்தில் பெரிய கிராணி ஒருவர் 1965ஆம் ஆண்டு மைனர் ஒன்றை வைத்திருந்தார். அவர் 1976இல் ஓய்வு பெற்றுப் பட்டணத்திற்குக் குடிபோனபோது, தாத்தா அதைத் தவணைக்கு வாங்கிக்கொண்டார். லயத்தில் ஒரு தொழிலாளி வீட்டு வாசலில் நின்ற முதல் கார் அதுதான் என்று தாத்தா இன்றும் சொல்வார். கல்யாணம், பிரசவம், சாவு என்று அந்த லயத்தின் எல்லா அவசரங்களுக்கும் அது ஓடியிருக்கிறது. என் அத்தை பிறந்ததும் அதில் மருத்துவமனைக்குப் போன இரவில்தான்.

தோட்டம் துண்டாடப்பட்டு, கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயங்களும் இடிக்கப்பட்டுவிட்டன. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, திருவிழாவன்று, பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்கள். தாத்தாவுக்கு இப்போது எண்பத்தோரு வயது. “அடுத்த திருவிழாவுக்கு என் கார்லதான் போவேன்” என்று அவர் சொன்னதுதான் இந்த வேலைக்குத் தொடக்கம்.

அப்பா சுங்கை சிப்புட்டில் லோரிப் பட்டறை வைத்திருக்கும் ஃபோர்மன். நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு, படிவம் ஆறு என்று ஏறி வந்து, எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள். அதில் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

எஞ்சினைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1962க்குப் பின் வந்த மைனர்களில் இருக்கும் 1098 சிசி எஞ்சின். சிலிண்டர்கள் தேய்ந்திருந்ததால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு கூடுதலாகக் கடைந்து, புதிய பிஸ்டன்கள் போட்டோம். கிராங்க் ஷாஃப்ட்டைத் தேய்த்து, பேரிங்குகளை மாற்றினோம். நீண்ட விடுமுறையின் பாதி அதிலேயே போனது. எஞ்சின் எப்படியும் வெளியில் இருக்கிறதே என்று கிளட்ச் பிளேட்டையும் புதிதாக வாங்கிப் போட்டோம்.

கிளட்ச் என்ன செய்கிறது? எஞ்சினின் பின்பக்கம் ஃபிளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஸ்பிரிங்குகள் மூன்றையும் சேர்த்து நெருக்குவதால் எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் நெருக்கம் தளர்ந்து, நடுவில் இருக்கும் பிளேட் எதிலும் உரசாமல் நின்றுவிட வேண்டும். அப்போதுதான் கியர் சத்தமில்லாமல் விழும். கலைச்சொல் பட்டியலில் இதற்கு ‘உரசிணைப்பி’ என்று பெயர். அப்பாவிடம் சொன்னேன். “பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா விலகுறதுதான் இதோட பாதி வேலை, அது பேருல இல்லையே” என்றார்.

அந்த விலகல் மிகச் சிறியது. பெடலை முழுக்க மிதித்தாலும் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதையும் பிளேட்டின் இரண்டு பக்கங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிளேட் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் எங்காவது ஓர் இடத்தில் உரசும். உரசினால் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் நிற்காது. ஷாஃப்ட் நிற்காவிட்டால் கியர் கடிக்கும்.

இனி, எஞ்சினை ஏற்றிய நாளுக்கு வருகிறேன். கியர்பாக்ஸ் காரிலேயே இருந்தது. எஞ்சினை மட்டும் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, கியர்பாக்ஸை நோக்கித் தள்ள வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட், கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள பல் துளைக்குள் நுழைந்து, அதன் நுனி கிராங்க் ஷாஃப்ட்டின் வாலில் இருக்கும் சிறிய வெண்கலப் புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். அப்பா காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வழி சொன்னார். நான் மேலே செயினைப் பிடித்திருந்தேன். ஷாஃப்ட் பல் துளைக்குள் நுழைந்துவிட்டது. ஆனால் இன்னும் ஓர் அங்குலம் மிச்சம் இருக்கும்போது நின்றுகொண்டது.

அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குத் தொலைபேசி அழைப்பு. வாடிக்கையாளர் ஒருவரின் லோரி பெரிய சடக்கில் நின்றுவிட்டதாம். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, “நான் வர்ற வரைக்கும் கை வைக்காத. எஞ்சின் செயின்ல இருக்கு, கியர்பாக்ஸ் ஜாக்கியில இருக்கு. அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கை வைத்தேன். அப்பா திரும்பி வரும்போது எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், அவர் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. எஞ்சினின் முன்பக்கம் தூக்கலாக இருப்பதாகப் பட்டது. செயினைக் கொஞ்சம் இறக்கினேன். தேவைக்கு மேல் இறங்கிவிட்டது. எஞ்சினின் எடை அந்த ஷாஃப்ட்டின் மேல், அதாவது கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்கியது. எனக்கு அது புரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு, நீளமான போல்ட்டுகளைத் தேடி அரை மணி நேரம் பட்டறையைக் கிளறினேன். பிறகு அந்தப் போல்ட்டுகளை மாட்டி, ஸ்பேனரால் இறுக்கி இறுக்கி எஞ்சினைக் கியர்பாக்ஸோடு இழுத்துச் சேர்த்தேன். கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். சேர்ந்துவிட்டது.

அப்பா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பரவாயில்லையே! நாங்க ரெண்டு பேரு செய்யற வேலைய ஒத்த ஆளா முடிச்சிட்டான்” என்று தாத்தாவிடம் சொன்னார். அப்பா எளிதில் பாராட்டுகிறவர் அல்லர். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

அடுத்த சனிக்கிழமைதான் கியர் கடித்தது.

அப்பா பதற்றப்படவில்லை. கிளட்ச் கோளாறு நான்கு வகைதான் என்பார் அவர். ஒன்று, வழுக்குவது: எஞ்சின் வேகமெடுக்கும், கார் நகராது. இரண்டு, விடாமல் பிடிப்பது: பெடலை மிதித்தாலும் சுழற்சி நிற்காது. மூன்று, நடுக்கம்: புறப்படும்போது கார் உதறும். நான்கு, சத்தம். எந்த வகை என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது.

எஞ்சினை அணைத்துவிட்டு நான்கு கியரையும் போட்டுப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. ஆகவே கியர்பாக்ஸில் குறை இல்லை. எஞ்சினை ஓடவிட்டுப் போட்டார். கடித்தது. மைனரில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. அதனால் அவசரமாகப் போட்டால் நல்ல காரிலும் கொஞ்சம் கடிக்கும். எனவே பெடலை மிதித்தபடி பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸைப் போட்டார். அப்போதும் கடித்தது. “ரெண்டாவது வகை. விடாமப் பிடிக்குது” என்றார்.

மைனரின் கிளட்சுக்கு எண்ணெய் அழுத்தம் கிடையாது. பெடலிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து ஒரு குறுக்குத் தண்டு, அதிலிருந்து மற்றொரு கம்பி, பிறகு கிளட்சின் கை என்று எல்லாம் இரும்புத் தொடர்புகள்தான். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி. ஊசியும் துளையும் தேய்ந்திருந்தால் மிதிப்பின் ஒரு பங்கு அங்கேயே வீணாகிவிடும். அறுபது ஆண்டு பழைய காரில் நான்கு மூட்டும் தேய்ந்தால், பெடல் தரையைத் தொட்டாலும் கிளட்சின் கை பாதிதான் அசையும். அப்பா பெடலின் சும்மா அசைவை ஒன்றரை அங்குலத்திற்குச் சரிசெய்தார். துளைகள் உருண்டை கெட்டுப்போயிருந்தன. அவற்றை வெல்டிங் வைத்து அடைத்து, மீண்டும் துளையிட்டு, லேத்தில் புதிய ஊசிகள் கடைந்து மாட்டினார். பகலில் பட்டறை வேலை, மாலையில் இந்த வேலை என்று ஒரு வாரம் ஓடியது. தாத்தாவை உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, அடியில் படுத்துக் கையின் அசைவை அளந்தார். முழு அசைவும் வந்தது. ஆனால் முதல் கியரும் ரிவர்ஸும் கடித்துக்கொண்டே இருந்தன.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இரவு, நானும் உதவலாமே என்று பழைய பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைக் கணினியில் படித்துக்கொண்டிருந்தேன். எஞ்சினைப் பொருத்தும் பகுதியில் ஒரு எச்சரிக்கை கண்ணில் பட்டது. எஞ்சினின் எடையோ கியர்பாக்ஸின் எடையோ ஷாஃப்ட்டில் தொங்கவே கூடாது, தொங்கினால் கிளட்ச் பிளேட் கோணிவிடும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ‘டக்’ சத்தம் மறுபடியும் காதில் கேட்டது.

காலையில் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் படுத்தேன். காலையில் அப்பா பசியாறிக்கொண்டே அம்மாவிடம், “இவன் ஏத்துனது கச்சிதமா இருக்கு. பழைய கம்பிங்கதான் வம்பு பண்ணுது” என்றார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். வேறு ஏதாவது காரணமாகக்கூட இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கம்பிகள் சரியான பிறகும் குறை தீராததால், அப்பா மிச்சக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். இல்லை, அதைத் தானே பார்த்துப் போட்டார். வெண்கலப் புஷ் இறுகிப்போய் ஷாஃப்ட்டைச் சேர்த்துச் சுற்றலாம். அதையும் எண்ணெயில் ஊறவைத்துத்தான் அடித்தார். பிரஷர் பிளேட்டின் மூன்று நெம்புகோல்களும் ஒரே உயரத்தில் இல்லாமல் இருக்கலாம். அளந்திருந்தார். “அப்புறம் என்னதான்?” என்று என்னைப் பார்த்தார்.

“பிளேட்டே கடையில இருந்து கோணலா வந்திருக்குமோப்பா?” என்றேன்.

மூன்று வாரத்தில் நான் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான். அப்பா உதிரிப்பாகக் கடைத் தவுக்கேயை அழைத்தார். இருபது ஆண்டுக்கு மேலான பழக்கம். பேச்சு வளர்ந்து, அப்பா குரலை உயர்த்தி, “இனி உன் கடைக்கு வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவிழா. வெள்ளைச் சட்டை, ஜரிகை வேட்டியோடு தாத்தா காலையிலேயே கிளம்பி வாசலில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கடைசியாக ஒரு முறை காரைக் கிளப்பிப் பார்த்தார். கடித்தது. “பரவால்லடா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தாத்தா பக்கத்து வீட்டுக்காரரின் மைவியில் ஏறிப் போனார். எண்பத்தோரு வயதில் அடுத்த வருடம் என்பது எவ்வளவு தூரம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் அன்றே சொல்லியிருந்தாலும் பயனில்லை. செவ்வாய்க்கிழமை இரவே சொல்லியிருந்தால், கம்பிகளில் செலவழித்த மாலைகளில் எஞ்சினை இறக்கிப் புதுப் பிளேட் போட்டிருக்கலாம். தாத்தா தன் காரிலேயே போயிருப்பார்.

மூன்றாம் வாரம் எஞ்சினை மறுபடியும் இறக்கினோம். ரேடியேட்டர், கார்புரேட்டர், புகைக்குழாய், ஸ்டார்ட்டர் என்று எல்லாவற்றையும் கழற்ற அரை நாள் ஆனது. அப்பா கிளட்ச் பிளேட்டை வெளியே எடுத்து, ஷாஃப்ட் ஒன்றில் மாட்டி, லேத்தில் வைத்து, விளிம்பில் டயல் கேஜ் முள்ளை வைத்தார். கையால் மெதுவாகச் சுற்றினார். முள் போய்ப் போய் வந்தது. நடுப்பகுதி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கடையில் வாங்குனப்ப இது நேராத்தான் இருந்துச்சு. நான்தான் பாத்தேனே. எடை தொங்கியிருக்கு. அன்னைக்கு அடியில படுத்துக்கிட்டு நான் முதல்ல தள்ளுனேன்ல, அப்பத்தான் ஆயிருக்கும். சுகர் வந்ததுல இருந்து காலு கையில உணர்ச்சி சரியில்ல. எடை ஏறுறது எனக்குத் தெரியல போலருக்கு” என்றார். சற்று நேரம் கழித்து, “இனிமே எஞ்சின் ஏத்துற வேலையெல்லாம் எடுக்கக் கூடாது. ஆளுங்கள விட்டுச் செஞ்சிக்கணும்” என்றார்.

முப்பத்தைந்து ஆண்டுகளாக எஞ்சின் ஏற்றிய மனிதர், நான் வளைத்த ஒரு பிளேட்டைப் பார்த்துத் தன் கைகளின் மேல் நம்பிக்கை இழந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நீங்க இல்லப்பா. நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. வாடிக்கையாளரிடம் லோரியைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரித்தார். “செயின எவ்வளவு இறக்குன?” சொன்னேன். “எவ்வளவு நேரம் தொங்குச்சு?” அரை மணி நேரம். “போல்ட்டு போட்டு இழுத்தியா?” ஆமாம். பிறகு கேட்டார், “இதனாலதான்னு எப்பத் தெரியும்?”

“ரெண்டு வாரமாச்சுப்பா.”

அதற்குத்தான் அவர் முகம் மாறியது. எழுந்து கையைக் கழுவிவிட்டு எதிர் ஒட்டுக்கடைக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “தவுக்கேகிட்ட நீயே போய்ச் சொல்லு. அப்படியே பிளேட்ட வாங்கிட்டு வா.”

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த மலாய் எல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. எப்படியோ சொல்லி முடித்தேன். தவுக்கே சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. உள்ளே போய்ப் புதிய பெட்டி ஒன்றை எடுத்துவந்து, என் கண் முன்னால் பிளேட்டைச் சுற்றிக் காட்டினார். “தெங்கோக். லுருஸ்” என்றார். பார், நேராக இருக்கிறது. ஒரு வெள்ளிகூடக் குறைக்காமல் முழு விலையையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் அப்பா போய் அவரோடு காப்பி குடித்துவிட்டு வந்தார்.

எஞ்சினை மறுபடியும் ஏற்றும்போது, “செயின நான் பிடிக்கிறேன். நீ கீழ படு” என்றார் அப்பா. முதலில் நீளமான இரண்டு போல்ட்டுகளின் தலையை அறுத்து, எஞ்சினின் இரு பக்கத் துளைகளிலும் வழிகாட்டி ஊசிகளாக முடுக்கச் சொன்னார். எஞ்சின் அந்த ஊசிகளின் மேல் நேராக நகர்ந்து வரும், எடை ஷாஃப்ட்டுக்குப் போகாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உள்ள சந்து மேலும் கீழும் இடமும் வலமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். ஓர் அங்குலம் மிச்சம் இருக்கையில், அன்றைக்குப் போலவே நின்றது. “இப்பத்தான் நீ போல்ட்டத் தேடிப் போயிருக்க. போல்ட்டு மூடுறதுக்குத்தான், இழுக்குறதுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டு, முன்னாலிருந்து கிராங்க்கைக் கையால் சிறிதளவு திருப்பினார். பல்லோடு பல் பொருந்தியது. இரண்டு கையால் தள்ளினேன். எஞ்சின் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. அன்று இத்தனை இரும்பை வைத்து இழுத்த அதே ஓர் அங்குலம்.

எஞ்சின் ஓடியது. அப்பா கிளட்சை மிதித்தார். முதல் கியர் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. தாத்தா மட்டும், “எடு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றார்.

விடுமுறை முடிவதற்கு முன் ஒரு புதன்கிழமை, மூவரும் மைனரில் தோட்டத்துக் கோயிலுக்குப் போனோம். செம்பனைக்கு நடுவே மண் சாலை. சந்திப்புகளில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் தாத்தா பக்கத்து இருக்கையிலிருந்து, “ஒன்னு, ரெண்டு, இப்பப் போடு” என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். கோயில் பூட்டியிருந்தது. வெளியே சூடம் ஏற்றிக் கும்பிட்டோம். லயம் இருந்த இடத்தைத் தாத்தா கையால் காட்டினார். பிறகு காரைப் பார்த்துக்கொண்டே, “திருவிழா அன்னைக்கு வந்திருந்தா நாலு பேரு பாத்திருப்பான்” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கோணிய பிளேட் இப்போது அப்பாவின் பட்டறைச் சுவரில், ஓர் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் அதைக் கழற்றிக் கொடுத்து, எடை தொங்கினால் என்ன ஆகும் என்று அப்பா விளக்குவார். யார் வளைத்தது என்று அவர் சொல்வதில்லை. நான் வீட்டில் இருக்கும் நாள்களில் நானே சொல்லிவிடுகிறேன்.